ஆலை போனதற்குச் சங்கமா காரணம்?

தொழிற்சங்கம் வந்தால் தொழில் ஓடிவிடும் என்ற பழிச்சொல் வங்கத்தில் பழையது. நான் பணியாற்றும் கொல்கத்தா நியூ டவுனில், கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளுக்கு அடியிலுள்ள தேநீர்க் கடைகளிலும் அதைக் கேட்கிறேன். 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தமிழகத்திலும் அதே குரல் எழுந்தது. நம் தோழர்களிலேயே சிலர் தயங்கினர். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. ஆலை எங்கும் போய்விடவில்லை.

போன ஆலை ஒன்று அதே ஊரில் உண்டு. அதன் கதையை ஜெர்மனியிலிருந்து தொடங்க வேண்டும். 2008 ஜனவரியில், கொழுத்த லாபத்தில் இருந்த நோக்கியா, போஹும் நகர ஆலையை மூடுவதாக அறிவித்தது. சுமார் 2,300 பேர் வேலையிழந்தனர். கூலி மலிவான ருமேனியாவின் க்லுஜ் நகருக்கு உற்பத்தி சென்றது. 2011இல் அதையும் மூடுவதாக அறிவித்து, ஆசியாவே இனி மையம் என்றது நிறுவனம். 2006 முதல் இயங்கிவந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை அப்போது நாம் வளர்ச்சியின் அடையாளமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

2014இல் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியது. வரி வழக்கில் முடக்கப்பட்டிருந்த நம் ஆலை விற்பனையில் சேரவில்லை. ‘விருப்ப ஓய்வு’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் இளம்பெண்களே மிகுதி. (அதில் விருப்பம் யாருடையது என்பதை எந்த அகராதியும் சொல்லாது.) மைக்ரோசாப்ட் கொள்முதலை நிறுத்தியதும் நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. கைபேசி உற்பத்தியின் மையம் வியட்நாமுக்கு மாறியது. ஸ்ரீபெரும்புதூரில் சங்கமும் இருந்தது, வேலைநிறுத்தங்களும் நடந்ததுண்டு. ஆனால் ஆலையை மூடவைத்தவை வரித் தகராறும் கம்பெனித் தலைமையகங்களின் லாபக் கணக்குமே.

வியட்நாம் தொழிலாளி நம் வேலையைப் பறித்தார் என்பதும் பிழை. அப்படியானால் ருமேனியரின் வேலையைப் பறித்தவர்கள் நாமா?

போஹும் நிகழ்வில் நாம் கற்க வேண்டியது வேறொன்று. அங்கே அரசு மானியத்தோடு இத்தனை பேருக்கு வேலை தரவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அதைக் காட்டி மாநில அரசு பணத்தைத் திருப்பிக் கேட்டது. இங்கோ நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் அள்ளித்தரும் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் மக்கள் கண்ணில் படுவதே அரிது. இன்று சீனாவை விட்டு வரும் மின்னணு நிறுவனங்களுக்குக் கம்பளம் விரிக்கிறார்கள். அந்த ஒப்பந்தங்களை வெளியிடு, வெளியேறினால் சலுகையைத் திரும்பப் பெறு, தொழிலாளியின் நிலுவையை முதலில் கொடு என்ற கோரிக்கைகளை ஆலை மூடும் நாளில் அல்ல, திறப்பு விழாவுக்கு முன்பே நாம் எழுப்பவேண்டும்.