வீடு காலியாத்தான் இருக்கு, உங்களுக்கு இல்ல

திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற தலித்திடம் எவ்வளவு வாடகை தருவாய் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. 'சொந்த ஊரு எது?' என்பதுதான் முதல் கேள்வி. ஊரைச் சொன்னால் 'ஊருக்குள்ள எந்தப் பக்கம்?' பக்கத்தைச் சொன்னால், 'மச்சினன் கேட்டிருந்தாப்ல, மறந்தே போச்சு, தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி.' சாதி என்ற சொல் வாயில் வராது. டு-லெட் போர்டு மட்டும் அடுத்த மாசமும் அதே கேட்டில் தொங்கும். அட்வான்ஸ் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டே திரும்பி நடந்தவர்களில் நானும் ஒருவன்.

ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீடு என்று திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அவர்களுக்கு ஏழை என்றால் வருமானச் சான்றிதழ், அவ்வளவுதான். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு உயர் அதிகாரியாகப் போன அம்பேத்கரிடம் சம்பளமா இல்லை? தங்க இடம்தான் இல்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். 2012இல் தில்லியிலும் சுற்று நகரங்களிலும் சுகதேவ் தோரட் குழுவினர் வெவ்வேறு பெயர்களில் வீடு கேட்டுப் பார்த்தார்கள். தலித் பெயரில் போன் செய்தவர்களில் 100க்கு 18 பேருக்கு நேரடியாகவே 'இல்லை'. இன்னும் பலருக்கு ஆயிரம் நிபந்தனை. முஸ்லிம்கள் நிலைமை இதைவிட மோசம்.

இந்த மறுப்புக்கு ஒரு பொருளாதாரம் உண்டு. நூறு தெருவில் கதவு சாத்தினால் நம்ம சனமெல்லாம் மிச்சமுள்ள நாலு தெருவில் போய் மோதுகிறது. அங்கே ஓட்டை ஒழுகல் ஒத்தை அறைக்கும் வாடகை ஏறுகிறது. ஒத்திக்குப் போகலாமென்றால் மொத்தமாகப் பணம் கேட்பான். முடியாதவர்கள் கிராமத்துச் சேரியிலேயே கிடந்து, விடியலில் பஸ் ஏறி வந்து, ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணியில் நின்று இந்த ஊரை ஊராக்கியவர்கள் யார் என்று டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012இல் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. உழைப்புக்கு விருது உண்டு, வீடு கிடையாது.

சட்டம் என்ன செய்கிறது? 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்றாவது இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் போடு, பதிவு செய், தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம் போ என்கிறது. ஒப்பந்தமே போட மறுத்துக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினால்? அதற்கு ஒரு வரி இல்லை.

ஆனால் நம் கையில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியேறுவதைத் தீண்டாமையின் பேரில் தடுத்தால் குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால் அது தீண்டாமையால் செய்ததென்றே நீதிமன்றம் கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிராளிதான். இது 12ஆம் பிரிவு. எத்தனை வீட்டுக்காரர்மேல் இதில் வழக்குப் போட்டிருக்கிறோம்?

அரசாங்கத்துக்கு வீடு என்றாலே சொந்த வீடுதான். 2015இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சொந்தமாகக் கட்டிக்கொள்ள நிலம் வேண்டும், அடுக்குமாடி கிடைத்தால் பங்குத்தொகை வேண்டும். அல்லது கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி ஊருக்கு வெளியே தள்ளிவிடுவது. குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021இல் மாற்றினார்கள். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையும் ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். சரிதான், ஆனா தெரு எங்க இருக்குன்னு வீட்டுக்காரருக்குத் தெரியாதா? கொரோனாவில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் 2020இல் வாடகைக் குடியிருப்புத் திட்டம் என்று ஒன்று வந்தது. 2024இல் அதைப் புதுப்பித்தார்கள். அதையும் தனியாரிடம் விட்டால் கேட்டில் நிற்பது அதே ஆள், அதே கேள்வி.

'பஞ்சமி நிலம் கேட்கிற நாம வாடகை வீடா கேக்குறது?' என்று தோழர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். நிலப் போராட்டம் நிற்கப்போவதில்லை. நாளைக் காலையில் நூற்பாலைக்கு, ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வருகிற பிள்ளைக்கு நாளைக்கே கதவு திறக்கணுமில்ல? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரசு வேலை கிடைத்து மாடி கட்டிய நம்மவர்களே அருந்ததியர் குடும்பம் வந்தால் 'எந்தப் பக்கம்?' என்று கேட்கிறார்கள். அந்த மாடியும் நம் எதிரிதான்.

வியன்னா நகராட்சி 1923இல் வீட்டு வரி போட்டு, 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டித் தானே வாடகைக்கு விட்டது. தேவை யாருக்கு அதிகம் என்று புள்ளி போட்டு ஒதுக்கியது. நம்ம உள்ளாட்சிகளுக்கும் இது புதுசில்லை. கடை கட்டி ஏலம் விட்டு வாடகை வாங்குகிறவர்கள்தானே! 2014இல் மாநகராட்சி ஆன திண்டுக்கல், பஸ் ஸ்டாண்டுக்கும் சந்தைக்கும் நடக்கும் தூரத்தில் வாடகை வீடு கட்டட்டும். பட்டியல் சாதியினருக்குரிய பங்கை ஒதுக்கி, மிச்சத்தைக் குலுக்கிப் போடட்டும். கேட்டில் மறுக்கப்பட்டவர் புகாரை வாடகை அதிகாரி வாங்கி 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குக்கு அனுப்பட்டும். அதுவரை, அடுத்த 'மச்சினன் கேட்டிருந்தாப்ல'வைத் தேதி, தெரு, சாட்சியோடு எழுதி வையுங்கள். முதல் வழக்கை நாமே போடுவோம்.