பாகவதர் கதையை நீதிக்கதை ஆக்காதீங்க!



'பேர்ட்மேன்' என்று ஒரு ஆங்கிலப் படம், 2014-ல் வந்தது. ஒரு காலத்தில் பறவை மனிதனாக நடித்துப் புகழ் சம்பாதித்த நடிகர், வயசான பிறகு நியூயார்க் பிராட்வேயில் நாடகம் போட்டு மறுபடியும் எழுந்திரிக்கப் பார்க்கிறார். பழைய புகழ் அவரைத் தூங்க விடமாட்டேங்குது. அதில் நடித்த மைக்கேல் கீட்டனே 1989-லும் 1992-லும் பேட்மேனாக வந்தவர்தான். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் கொடுத்து உலகமே கைதட்டியது.

அதே கதையை நிஜமாகவே வாழ்ந்தவர் நம்ம ஊர் எம்.கே.தியாகராஜ பாகவதர். பிறந்தது மாயவரம் (1910), வளர்ந்தது திருச்சி. இங்கே ரசிக ரஞ்சன சபா நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏறிய பையன். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. (அங்கேயும் பிராட்வே, இங்கேயும் பிராட்வே!) படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஹீரோ ஜெயிலில். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு அது. 1947-ல் விடுதலை ஆனார்.

ஆனா நம்ம பேச்சுப்போட்டிகளில் இவர் கதை எப்படி வருது? "தங்கத் தட்டில் சாப்பிட்டவர், கடைசியில் பாருங்கள்!" என்று. ஆணவத்துக்குத் தண்டனை மாதிரி. இது எனக்குப் பிடிக்கவே இல்லை. நிரபராதி என்று கோர்ட்டே சொன்ன பிறகு எதுக்குத் தண்டனை?

ஜெயில்தான் அவரைக் கவிழ்த்தது என்பதையும் நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். அதே வழக்கில் அதே மாதிரி உள்ளே போய் வந்த என்.எஸ்.கிருஷ்ணனை ஜனங்கள் மறுபடியும் ரசித்தார்களே! மாறினது சினிமா. பாட்டுக்காகப் படம் பார்த்த காலம் போய், வசனத்துக்காகப் பார்க்கிற காலம் வந்துவிட்டது. 1952-ல் பாகவதரின் 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் வந்தன, எடுபடவில்லை. அதே வருஷ தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. அதில் வசனம் பேசி ஜெயித்த சிவாஜி யார்? நம்ம சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்தவர்! ஒரு திருச்சிக்காரர் இறங்க, இன்னொரு திருச்சிக்காரர் ஏறினார்.

பாகவதர் சும்மா உட்கார்ந்து அழவில்லை. 1948-ல் 'ராஜமுக்தி', 1957-ல் தானே டைரக்ட் செய்த 'புது வாழ்வு' (பெயரைக் கவனிங்க) என்று முட்டி மோதிக்கிட்டே இருந்தார். 1-11-1959-ல் இறந்தபோது வயசு 49தான். நம்ம அப்பாக்கள் வயசு. கடைசிப் படம் 'சிவகாமி' அவர் போன பிறகுதான் வெளிவந்தது.

அவர் சமாதி இருப்பதும் அதே சங்கிலியாண்டபுரத்தில்தான். உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு எத்தனை தடவை ஏறியிருக்கோம், அங்கே எத்தனை பேர் போயிருக்கோம்? வருகிற நவம்பர் 1 அன்று நம்ம தமிழ் மன்றத்தில் 'ஹரிதாஸ்' படத்தைப் போட்டுக் காட்டணும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பேச்சுப்போட்டிக்குத் தயார் பண்ணுகிறவர்கள் முதல் வரிசையில் உட்காரட்டும்.

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு