கண்ணாடி அறைக்குள்ள வெளிச்சத்தைப் பூட்டி வைக்கலாமா?

லூசெர்ன் கிளெட்சர்கார்டனில இருக்கிற கண்ணாடி லாபிரிந்த், 1896 ஜெனீவா தேசியக் கண்காட்சிக்காகக் கட்டினது. அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: எல்லாப் பக்கமும் கண்ணாடி வைச்சு மூடின அறையில லைட்டை நிப்பாட்டினால், வெளிச்சம் உள்ளுக்கயே நிக்குமா?

“நிக்காது” எண்டு ஒரு சொல்லில முடிக்கிறது சரியான சோம்பேறித்தனம் எண்டது என்ர கருத்து. எவ்வளவு நேரம் நிக்கும் எண்டதுதான் கேள்வி.

வீட்டில முகம் பார்க்கிற கண்ணாடி ஏறத்தாழ 90 வீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மிச்சம் சூடாகிப் போயிடும். நூறு தரம் தெறிச்சால் லட்சத்தில 3 பங்கு கூட மிஞ்சாது. 3 மீட்டர் அறையில இவ்வளவும் நடக்க ஒரு மைக்ரோ செக்கன் போதும். பத்தாததுக்கு, உள்ள நிண்டு பார்க்கிற ஆளின்ர கண்ணும் உடுப்பும் வேற வெளிச்சத்தைக் குடிக்கும்.

ஆனால் பாரிசில செர்ஜ் அரோஷின் குழு, நல்லாக் குளிராக்கின இரண்டு மீகடத்திக் கண்ணாடிகளுக்கு நடுவில நுண்ணலை ஃபோட்டான்களை 0.1 செக்கனுக்கு மேல வைச்சிருந்தது. இடைவெளி 3 செ.மீ. கூட இல்லை, அதுக்குள்ள ஃபோட்டான் ஓடின தூரம் பூமியை ஒருக்காச் சுத்துற அளவு. 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

எங்கட பக்கத்துக் கதை எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனெண்டால் அதில கண்ணாடியே இல்லை. 1841இல் ஜெனீவாவில் டானியல் கொலாடோன், தொட்டியில இருந்து வளைஞ்சு விழுகிற தண்ணித் தாரைக்குள்ள வெளிச்சத்தை விட்டார். அது வெளிய போகாமல் தாரையோடயே வளைஞ்சு போச்சு. முழு அகத்தெறிப்பு! இண்டைக்கு அதே ஏரிக்கரையில, லவுசான் இபிஎஃப்எல்லில டோபியாஸ் கிப்பன்பெர்க்கின் ஆய்வுகூடத்தில, சிலிக்கன் நைட்ரைட் சிப்பில இருக்கிற குட்டி வளையத்துக்குள்ள லேசர் ஒளி ஆயிரக்கணக்கான தரம் சுத்துது. நிக்கிறது சில பத்து நானோ செக்கன்தான். ஆனாலும் அந்த நேரத்துக்குள்ள ஒளி செறிஞ்சு, ஒரு நிறம் சம இடைவெளியில பல நிறமாப் பிரியும். அதை எடுக்க வேணுமெண்டால் ஒரு வாசல் விடத்தான் வேணும். முழுசாப் பூட்டின வளையத்தால ஆருக்கும் பிரயோசனமில்லை.

மத்துராஆர்பைட்டுக்குத் தலைப்புத் தேடுற ஆக்களே, லேசர் பொயின்டர் வாங்காதேங்கோ, இங்க சட்டம் கடுமை. இரண்டு கண்ணாடியை எதிரெதிரா வைச்சு போனால படமெடுங்கோ. தூரத்து விம்பங்கள் இருண்டு பச்சையாத் தெரியும், பச்சைதான் குறைவாத் தொலையுது. எத்தினையாவது விம்பத்தில எவ்வளவு குறையுது எண்டு பிக்சல் பிக்சலா அளந்து பாருங்கோ.