சொல் தமிழ், பேச்சு ஆங்கிலம்: பைண்டிங் எழுதுபவர்களோடு ஒரு சண்டை

சின்ன வயதில் நான் ஆங்கிலத்தில் யோசித்து, சொல்லுக்குச் சொல் தமிழாக்கி அம்மம்மாவோடு கதைப்பேன். "சொல்லெல்லாம் தமிழ்தான் மோனே, ஆனா நீ கதைக்கிறது தமிழ் இல்லை" என்று சிரிப்பா. கிராபிக்ஸ் அட்டைக்கு நிரல் எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கையில் கிடைக்கும் பல பைண்டிங்குகளுக்கும் இதே குறைதான்.

ஒரு பெரிய கணக்கை ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் ஓடவிடுவதற்கான பொது இடைமுகம் ஓபன்சிஎல். குரோனோஸ் குழுமம் 2008 டிசம்பரில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று எந்த நிறுவனத்தின் அட்டைக்கும் அது பொது. ஆனால் அது சி மொழிக்கென்று வகுக்கப்பட்டது. ஜாவாவோ பைதானோ அதை அழைக்க நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம்தான் பைண்டிங்.

நான் ஆலோசகராகப் போன ஓர் இடத்தில் அவர்களே ஜாவாவுக்கு ஒரு பைண்டிங் எழுதி வைத்திருந்தார்கள். சி செயற்கூறுகளின் பெயர்களை அப்படியே ஜாவாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள், அவ்வளவுதான். இரவு முழுக்க ஓடவேண்டிய நிரல் நடுச்சாமத்தில் தவறான விடை தரத் தொடங்கியது. மூன்று நாள் தேடினேன். அட்டையில் ஒதுக்கிய நினைவகத்தை ஒருவரும் விடுவிக்கவில்லை. ஜாவாவில் குப்பை அள்ள ஓர் ஆள் உண்டு, ஆனால் அட்டையின் நினைவகம் அந்த ஆளின் கண்ணுக்குத் தெரியாது. இடம் முடிந்ததும் ஓபன்சிஎல் மைனஸ் 4 என்று பிழை எண்ணைத் திருப்பித் தந்தது. அதையும் ஒருவரும் பார்க்கவில்லை.

பைதானுக்கான பைஓபன்சிஎல்லைப் பாருங்கள். பிழை வந்தால் அது பைதானின் எக்செப்ஷனாகவே எழும். பயன்பாடு முடிந்த பொருள் தானாக விடுபடும். நம்பை வரிசைகளோடு நேராக வேலை செய்யும். பைதான்காரர் பைதான்காரராகவே இருக்கலாம்.

"சிக்குக் கிட்ட இருந்தால்தான் வேகம்" என்பார்கள். கனமான கணக்கு நடப்பது அட்டையில் ஓடும் கெர்னலில். அதைச் சி போன்ற மொழியில்தான் எழுதவேண்டும், அதைப் படியுங்கள், நான் மறிக்கவில்லை. பைண்டிங் செய்வது வேலையை அனுப்பிவிட்டு விடையை வாங்குவது. குட்டிக் குட்டி வேலைகளை ஆயிரம் தடவை அனுப்பினால் அந்தச் செலவு உறைக்கும், உண்மைதான். அதற்கு மருந்து வேலைகளைச் சேர்த்து அனுப்புவது. பிழையை மறைப்பது மருந்தாகாது.

ஆகவே எந்தப் பைண்டிங்கைத் தொட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பிழையை என் மொழியில் சொல்கிறதா? நான் மறந்தாலும் நினைவகத்தை விடுவிக்கிறதா? என் வரிசைகளை அப்படியே ஏற்கிறதா? இல்லையென்றால் "எனக்கு மூளை போதாது" என்று ஒதுங்காதீர்கள். குறை பாலத்தில் இருக்கிறது. திறந்த மூலமாக இருந்தால் இறங்கித் திருத்துங்கள். இரண்டு மொழிக்கு நடுவில் வளர்ந்த எங்களுக்கு இந்த வேலை புதிதா என்ன?