நாய் சண்டைக்கு நாயை மட்டும் குத்தம் சொல்லாதீங்க



கோயில் வாசல்ல நடந்த நாய் சண்டையைப் பத்தி ஒரு வாரமா வாட்ஸ்அப் குரூப்புல பேச்சு ஓயல. வளர்ப்பு நாய் ஒண்ணு சங்கிலியை அறுத்துக்கிட்டு வந்து, நிழல்ல படுத்துக் கிடந்த தோட்டத்து நாயைக் கடிச்சுருச்சு. பிரிக்கப் போனவர் கையிலயும் பல்லு பட்டுருச்சு. இப்போ சிலர், மஜ்லிஸுக்குப் போன் போட்டு கோயில் பக்கம் திரியிற நாயை எல்லாம் புடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்கன்னு கேக்குறாங்க. தொண்டர்கள் நாங்க இதுக்கு ஒத்துக்கல.

கடி வாங்கின நாய்க்கு எதுக்குங்க தண்டனை? கடிச்ச நாய்க்கு ஒரு வீடு இருக்கு, முதலாளி இருக்காரு. சிரம்பான் மாநகர் மன்றத்துல நாய்க்கு லைசென்ஸ் எடுக்கிறதே, இந்த நாய்க்கு இவர்தான் பொறுப்புன்னு எழுதிக் கொடுக்கிற மாதிரிதான். இருக்கிற நாயைப் புடிச்சுக்கிட்டுப் போனாலும், அன்னதானத்துச் சோறு மிச்சம் விழுற இடத்துக்கு அடுத்த மாசமே வேற நாய் வந்துரும். சங்கிலி அறுக்கிற நாய் அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு நாயைப் பாத்தாலே பாயுற நாய், வீரமான நாய்னு நம்ம ஆளுங்களுக்கு ஒரு நினைப்பு. முக்கால்வாசி பயம்தான் அது. குட்டிக்கு மூணு வாரத்துல இருந்து பதினாலு வாரம் வரைக்கும்தான் மத்த நாய்ங்களோட பழகக் கத்துக்கிற வயசு. அந்தக் காலத்துல லயத்துல நாய்ங்க ஒண்ணா மண்டிக்கிட்டே வளந்துச்சுங்க, எது விளையாட்டு எது சண்டைன்னு தெரியும். இப்போ தாமான் வீட்டுல கேட்டுப் பக்கத்துல நாலடி சங்கிலி. ரோட்டுல போற ஒவ்வொரு நாயையும் பாக்குது, கிட்டப் போய் மோந்து பாக்க முடியாது, பயந்தா ஓடவும் முடியாது. குலைக்குது. அந்த நாய் அதும்பாட்டுக்குப் போயிருது. நாம குலைச்சதாலதான் போச்சுன்னு இது நினைச்சுக்குது. இப்படியே ரெண்டு வருசம் போனா, சங்கிலி அறுந்த அன்னைக்கு என்ன நடக்கும்?

அடுத்தது அடி. உறுமுனா பிரம்பால ஒண்ணு போடுறது. எங்கள்ல பாதிப் பேர் நீலாய், செனவாங் பக்கம் ஃபேக்டரியில வேலை பாக்குறவங்க. மெஷின்ல அலாரம் அடிச்சா, அலாரம் வயரைப் புடுங்கி விடுறவனை வேலைக்கு வச்சுக்குவோமா? உறுமல்தான் நாயோட அலாரம். அதை அடிச்சு அடக்குனா பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். அப்புறம் உறுமாமலே கடிக்கும். அதோட, கண்மண் தெரியாம அடிக்கிறது 2015 விலங்குநலச் சட்டப்படி குத்தம். அபராதமே 20 ஆயிரம் வெள்ளியில இருந்து ஒரு லட்சம் வரைக்கும். மூணு வருசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு.

சரி, என்னதான் செய்யிறது? தூரம்தான் மருந்து. இன்னொரு நாயைப் பாத்தும் உங்க நாய் உங்க கையில இருக்கிறதைத் திங்குதுன்னா, அந்தத் தூரம் சரி. தீனியைத் திரும்பிக்கூடப் பாக்கலையா, ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க, பின்னால வாங்க. அந்த நாய் கண்ணுல பட்டதும் வேகவச்ச கோழித் துண்டு ஒண்ணு குடுங்க. அது மறைஞ்சதும் நிறுத்திருங்க. மறுநாளும் இதேதான். அஞ்சாறு வாரம் கழிச்சு ரெண்டு மூணு அடி கிட்டப் போங்க. நாய் வந்தா நல்லது வரும்னு அது மனசுல பதியணும். மாசக்கணக்கா ஆகும், பொறுமை வேணும். கோயில் வாசலும் பாசார் மாலமும் இதைப் பழக்குற இடம் இல்ல. செம்பனை ஓரத்து ரோடு விடியக்காலையில காலியாத்தான் கிடக்கு.

ரொம்ப நாளா சாதுவா இருந்த நாய் திடீர்னு சண்டைக்குப் போனா, முதல்ல கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. காது சீழ், பல்லு வலி, மூட்டு வலி, இதுல எதுவும் இருக்கலாம். கருத்தடை செஞ்சா ஆண் நாய் ஊர் சுத்துறதும் பொட்டைக்காகச் சண்டை போடுறதும் குறையும். பயத்துல கடிக்கிற நாய்க்கு அது மட்டும் போதாது.

வாய்மூடி போடுறதைக் கேவலமா நினைக்காதீங்க. 2024 மே மாசம் சென்னை ஆயிரம் விளக்கு பூங்காவுல ரெண்டு ராட்வைலர் நாய்ங்க அஞ்சு வயசுக் குழந்தையைக் கடிச்சுக் குதறின செய்தி இங்கயும் எல்லார் போனுக்கும் வந்துச்சு. நாயைக் கடிக்கிற நாய் எல்லாம் மனுசனைக் கடிக்கும்னு நாங்க சொல்லல, ரெண்டும் வேற வேற. ஆனா நடுவுல கை போனா அதுக்கு வித்தியாசம் தெரியாது. கூடை மாதிரி இருக்கிற வாய்மூடியா வாங்குங்க. நம்ம வெயிலுக்கு நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கணும், இறுக்கிக் கட்டுற துணி ஆகாது.

சண்டை மூண்டுருச்சுன்னா கழுத்து பெல்ட்டைப் புடிக்கக் குனியாதீங்க, கை போகிற இடமே அதுதான். தண்ணி ஊத்துங்க. பலகையோ நாற்காலியோ நடுவுல தள்ளுங்க. கடி பட்டா சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு உடனே கிளினிக் போங்க. சரவாக்ல 2017-ல தொடங்கின வெறிநாய்க்கடி நோயால எத்தனை உயிர் போச்சு. மஞ்சளை வச்சுக் கட்டிட்டு வீட்டுல உக்காராதீங்க.

பைரவருக்கு நாய்தான் வாகனம். காவல் தெய்வத்துப் பக்கத்துல நாய் சிலை இருந்தா அதுக்கும் மாலை போடுறோம். வெளியே வந்ததும் உசுரோட இருக்கிற நாய் மேல கல்லை எறியிறோம். இதை யாருகிட்ட சொல்லி அழுறது.

திருவிழாவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உருமி மேளமும் வெடிச் சத்தமும் எந்த நாயையும் மிரட்டிரும். ரதம் உங்க வீட்டு வழியா வர்ற நேரத்துல நாயைக் கேட்டுல கட்டாதீங்க, பின்கட்டு ரூமுக்குள்ள விட்டு கதவைச் சாத்துங்க. கோயில் பைப்பு பக்கத்துல ரெண்டு வாளி தண்ணி நிரப்பி வச்சிருப்போம், அதுல யாரும் கால் கழுவிராதீங்க.