முற்றத்துக்கு வரும் விருந்தாளிகள்

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களுக்குச் சின்னஞ்சிறு தம்பி ஒருவர் இருந்தார். நுகைர் எனும் சிறு குருவியோடு விளையாடுவதில் அவருக்கு அளவிலா மகிழ்ச்சி. ஒருநாள் அக்குருவி இறந்துவிட்டது. வாடிய முகத்தோடிருந்த சிறுவரைக் கண்ட அண்ணலார், பெரியோர்களை அழைக்கும் முறையில் ‘அபூ உமைர்’ என்று அவரை அழைத்து, குருவி என்னவாயிற்று என அன்பொழுக விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது. ஒரே வரியில் அடங்கிவிடும் இவ்விசாரிப்பிலிருந்து ஏறத்தாழ அறுபது சட்டக் கருத்துக்களை எடுத்துக்காட்டித் தனி நூலே எழுதினார், ஹிஜ்ரி 335-ல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபுப் பேரறிஞர் இப்னுல் காஸ் அவர்கள். ஒரு பிள்ளையின் குருவிக்காகச் சமுதாயத்தின் தலைவர் நின்று விசாரித்தாரெனில், அதில் ஆராய்வதற்கு அவ்வளவும் இருக்கத்தான் செய்யும்.

நம் இல்லங்கள் சிலவற்றில் கிளிக்கூண்டைச் சுட்டிக்காட்டிக் கேட்டால், உடனே இந்த ஹதீஸை ஆதாரமாகச் சொல்லிவிடுகின்றனர். ஆகவேதான் இவ்வாரம் இதனை எழுத நேர்ந்தது. பறவையைக் கூண்டில் வைத்திருப்பதே ஹராம் என்று தீர்ப்புக் கூற யான் முன்வரவில்லை. தீனியும் நீரும் குறைவின்றி அளித்துத் துன்புறுத்தாதிருந்தால் ஆகும் என்றே ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். ஆனால் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும் அந்தப் பச்சைக்கிளி எங்கிருந்து வந்தது? தென்னையின் பொந்திலோ முதுமரத்தின் பொந்திலோ தாய் இரைதேடச் சென்றிருந்த வேளையில், சிறகு முளைக்காத குஞ்சாகப் பிடித்து வரப்பட்டது. இங்கே மற்றொரு ஹதீஸ் நம்மை வழிமறிக்கின்றது. பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக் கொண்டனர். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட அண்ணலார், அதன் பிள்ளைகளால் அதனைத் தவிக்கவிட்டவர் யார் எனக் கேட்டு, குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு பணித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் காணப்படுகின்றது. கூண்டுக்கிளிக்கு வேளை தவறாமல் கொய்யாப்பழம் ஊட்டுகிறோம் என்போர், இந்தக் கேள்விக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்? தவிர, நாட்டுக் கிளிகளையும் மைனாக்களையும் பிடிப்பதும் விற்பதும் அடைத்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்படியாயின் பறவையோடு உறவே கூடாதா எனலாம். தாராளமாகக் கூடும். கூண்டில்லாத உறவே இனிய உறவு. சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் அன்பர் ஒருவர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தம் மாடிக்கு வந்த இரண்டு கிளிகளுக்கு ஊறவைத்த அரிசி வைத்தார். பின்னர் அவை ஆயிரக்கணக்கில் வரலாயின. ஒன்றையும் அவர் பிடித்து வைத்துக் கொள்ளவில்லை. உண்டன, பறந்தன, மறுநாளும் வந்தன.

நம் கோவைப் பக்கத்து முற்றங்களிலும் இது நடவாத காரியமன்று. ஃபஜ்ருத் தொழுதுவிட்டு ஒரு கைப்பிடிக் கம்போ தினையோ நொய்யரிசியோ ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தூவிவிட்டு, அசையாமல் சற்றுத் தள்ளி அமர்ந்திருங்கள். முதலில் கூட்டமாகத் தவிட்டுக்குருவிகள் வரும், மைனா வரும், அதிர்ஷ்டமிருந்தால் அடைக்கலக் குருவியும் வரும். ஓட்டு வீடுகளின் இடுக்குகளில் கூடுகட்டி நம்மிடம் அடைக்கலம் புகுந்திருந்த இக்குருவிக்கு, இன்றைய காரை வீடுகளில் ஒரு சாண் இடுக்கும் இல்லை. புல்தரையில் நீண்ட அலகால் புழுக்களைக் கிளறும், தலையில் விசிறிக் கொண்டை சூடிய கொண்டலாத்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஸபா நாட்டுச் செய்தியோடு சுலைமான் (அலை) அவர்களிடம் வந்த ஹுத்ஹுத் அதுதான் என்றால், 27ஆம் அத்தியாயத்தைப் பிள்ளைகள் வேறொரு கண்ணோடு ஓதுவார்கள்.

நீரை அகன்ற மண்தட்டில் வையுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள். உப்பிட்ட மிச்சச்சோறும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டா. இன்னொன்று: குருவி தன் குஞ்சுக்குத் தானியத்தை ஊட்டுவதில்லை, புழு பூச்சிகளையே ஊட்டுகின்றது. சிமெண்டு பூசி, மருந்தடித்துப் பூச்சியே இல்லாமற் செய்துவிட்ட முற்றத்தில் மூட்டை மூட்டையாய்க் கம்பு கொட்டினாலும் குஞ்சு பிழைக்காது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவை உண்பதும் அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியை இங்கே நினைவிற் கொள்க. கடையில் வாங்கிய தீனி நாம் ஊருக்குப் போகும் நாளில் நின்றுவிடும். நாவலும் அத்தியும் முருங்கையும் அப்படி நிற்பதில்லை.

ஐயம் ஒன்று எழுந்தபோது அதனைப் பெரியவரிடம் கொண்டு சென்ற ஒரு சிறுவரின் கதையும் நமக்கு வேண்டியதே. பம்பாயில் 1896-ல் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜீ வீட்டில் வளர்ந்த சாலிம் அலி, சிறுவயதில் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கழுத்தில் மஞ்சள் திட்டு. இது முஸ்லிம்கள் உண்ணத்தக்கதுதானா என்ற ஐயம். மாமனிடம் எடுத்துச் சென்றார். அவருக்கும் விளங்காமையால் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லர்டு எனும் ஆங்கிலேயர் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். உண்பதற்காகச் சுடப்பட்ட ஒரு குருவி, இந்தியாவின் பறவையியல் மேதையை நமக்குத் தந்தது. 1987-ல் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பறவையியல் மையம், 1990-ல் தொடங்கப்பெற்று, நம் கோவையை அடுத்த ஆனைகட்டியில்தான் இருக்கின்றது என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

மயிலைப் பற்றியும் ஒரு சொல். கொங்கு நாட்டில் அவை பெருகியுள்ளன. அழகிற்காகத் தீனி வைத்து அவற்றை வீட்டு வாசலுக்குப் பழக்குவோர், அடுத்த தோட்டத்துத் தக்காளி நாற்றையும் அவை கொத்தும் என்பதை மறந்துவிடுகின்றனர். அண்டை வீட்டாரின் உரிமையைப் பறித்து நன்மை தேடுவதில் பொருளில்லை. மயிலைத் தோட்டத்துக்கு அப்பாலேயே விட்டுவிடலாம்.

ஏற்கெனவே கூண்டில் கிளி வைத்திருப்போர் இன்றே கதவைத் திறந்துவிட வேண்டா. ஆண்டுக்கணக்கில் அடைபட்ட பறவைக்குப் பறக்கும் வலுவும் இரைதேடும் பழக்கமும் குன்றியிருக்கும். காக்கைக்கோ பூனைக்கோ இரையாகிவிடும். வளர்ப்புக் கிளிகளை ஒப்படைக்குமாறு 2023-ல் கோவை வனத்துறையினர் பொதுமக்களைக் கேட்டுக் கொண்டனர். அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் நேரில் சென்று ஒப்படைக்கலாம். பிள்ளைகள் அழுவார்கள், அன்றைய தினம் அவர்களை அருகே அழைத்து, அபூ உமைரின் குருவியைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள்.