சோள வரிசையை எண்ணிய சிறுவன்

1945-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து மிஸிஸிப்பி மாகாணத்துப் பண்ணையொன்றுக்குப் போயிருந்த லியோ கானர் என்னும் மனநல வைத்தியர், ஏறக்குறைய ஏழாண்டுகளுக்கு முன்பு தாம் முதன்முதலாகப் பரிசோதித்த ஒரு சிறுவன், இப்போது பதினொரு வயதினனாய், குதிரை பூட்டிய கலப்பையைப் பிடித்து நீண்ட படைச்சால்கள் ஆறினை ஒழுங்காக ஓட்டி முடிப்பதையும், ஒவ்வொரு சாலின் கடைசியிலும் குதிரையைப் பதற்றமின்றித் திருப்பிக்கொண்டு வருவதையும் வியப்போடு பார்த்தார். பேச வேண்டியவரோடு பேசாமலும், பாத்திரங்களையும் கட்டைகளையும் தரையில் பம்பரம்போலச் சுழல விட்டுப் பரவசப்பட்டுக்கொண்டும் இருந்த பிள்ளை அவன். அவனைப் பற்றி அவனுடைய தகப்பனார் எழுதிய 33 பக்கக் கடிதத்தைப் படித்துத்தான் கானரே அவனை முதலில் அறிந்திருந்தார்.

டொனால்ட் டிரிப்லெட் என்பது அந்தச் சிறுவனின் பெயர். ஆட்டிசம் என்று இன்று நாம் வழங்கும் நிலையை வைத்திய உலகுக்கு ஸ்பஷ்டமாக எடுத்துக் காட்டிய கானரின் 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இடம்பெற்ற பதினொரு குழந்தைகளில் முதல்வன் அவனே. மூன்று வயதில் அவனை ஒரு விடுதியில் விட்டுவிடும்படி வைத்தியர்கள் கூறினார்கள், பெற்றோரும் விட்டார்கள், அங்கே அவன் வாடிச் சுருங்கியதைக் கண்டு மறுபடியும் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பின்னர், 1942-இல், வீட்டிலிருந்து பத்து மைல் தூரத்தில் பண்ணை வைத்திருந்த ஒரு குடியானவத் தம்பதியிடம் அவனை ஒப்படைத்தார்கள். அந்தத் தம்பதி மனோதத்துவம் படித்தவர்களல்லர். அவன் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டு திரிந்தபோது, அவனைக் கிணறு தோண்டச் செய்து அதன் ஆழம் எவ்வளவு என்று வந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தபோது, அவற்றுக்கு ஒரு மூலையில் இடுகாடு அமைத்துக் கொடுத்து அடையாளம் நடச் சொன்னார்கள். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தபோது, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். எண்ணாதே என்று அவர்கள் அவனைத் தடுக்கவில்லை. எண்ணுவதுதானே இவனுக்குப் பிரியம் என்று எண்ணத்தக்க எதையாவது அவன் முன்னே கொட்டிவிட்டு அப்பால் போகவும் இல்லை.

இவ்விரண்டு தவறுகளில் ஏதேனும் ஒன்றைச் செய்யாமல் ஆட்டிசம் உடையவர்களின் வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் சொற்பம் என்பது என் அபிப்பிராயம். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது வைத்திய சாஸ்திரத்துக்கு ஒரு வியாதிக் குறி. மாறாமையின் மீதுள்ள வேட்கையைக் கானர் அன்றே பிரதான லட்சணமாகக் குறித்தார். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடும் திரும்பத் திரும்ப நிகழும் அசைவு, நித்திய ஒழுங்கில் பிடிவாதம், ஒரே விஷயத்தில் தீவிர ஈடுபாடு, ஓசை ஒளி ஸ்பரிசங்களில் அதீதமான அல்லது மந்தமான உணர்ச்சி என்று அதை நான்காக வகுத்துக் காட்டுகிறது. முதலாளிக்கோ அதுவே ஒரு சௌகரியம்: மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் வேலையைச் சலிக்காமல் செய்ய ஒருவன் அகப்பட்டான். ஒருவர் குறை என்கிறார், மற்றவர் லாபம் என்கிறார். அந்தச் செயலைச் செய்கிறவனுக்குள்ளே அது என்னவாக இருக்கிறது என்று விசாரிக்க இருவரும் நேரம் ஒதுக்குவதில்லை.

விசாரித்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் டைனா மர்ரேயும், தாமே ஆட்டிசம் உடையவரான வென் லாசனும், மைக் லெஸ்ஸர் என்பவரும் சேர்ந்து 2005-இல் ஒரு கொள்கையை விரித்துரைத்தார்கள். அதை நம் பாஷையில் சொல்வதானால், மனத்தின் கவனம் என்பது ஏரி நீரைப்போல அளவுக்கு உட்பட்டது. பெரும்பாலோர் அதைப் பத்துப் பாத்திகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுகிறார்கள். ஆட்டிசம் உடையவர்களிடம் அது ஒரே வாய்க்காலில், அதன் கரை நிரம்ப ஓடுகிறது. அப்படி ஓடும்போது அந்த ஒரு வயல் நன்றாக விளையும். ஆனால் நடுவே ஒருவர் வந்து வேறு மடையைத் திற என்று அதட்டினால், நீர் உடனே திரும்புவதில்லை, கரைதான் உடைகிறது. ஒரு வேலையைத் தொடங்குவதும், தொடங்கியதை நிறுத்துவதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் தங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று அவர்கள் ஓயாமல் சொல்வதை நாம் பிடிவாதம் என்றே கேட்டுப் பழகிவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வைகறையில் எழுந்து பத்து வருஷம் ஒரே ஸரளி வரிசையை வாசித்துப் பழகும் வித்துவானிடத்தில் நாம் காண்பது சாதகம். விரல்களைக் கண்ணெதிரே ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடத்தில் மட்டும் விகாரம். அந்த அசைவை அடித்தும் மின்னதிர்ச்சி கொடுத்தும்கூட நிறுத்தப் பார்த்த காலம் ஒன்று அமெரிக்காவில், 1960-களில், இருந்தது. வளர்ந்து பெரியவர்களான பின்பு இவர்களிடமே கேட்டபோது, கலங்கிய மனம் நிலைகொள்வதற்கு அந்த அசைவுதான் கைகொடுக்கிறது என்று சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றின் பைண்டிங் பகுதியில் ஆட்டிசம் உடைய இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். அச்சான தாள்களை மடித்து, பதினாறு பக்க ஃபாரங்களாக வரிசைப்படி அடுக்குவது அவன் வேலை. நான் ஒரு முற்பகல் முழுதும் அவனுக்கு எதிரே, என் புத்தகத்தின் கடைசித் திருத்தங்களைப் பார்க்கும் சாக்கில் உட்கார்ந்திருந்தேன். தாளைத் தட்டி ஓரங்களை நேர்செய்வான், மடிப்பான், மடிப்பின்மேல் இரும்புத் தகட்டை ஒரே ஒரு முறை, மேலிருந்து கீழாக, இழுப்பான், அந்த இழுப்பு எழுப்பும் சன்னமான ஓசைக்கு அவன் தலை சற்றே சாயும், பிறகு அடுத்த தாள். மற்றவர்கள் இரண்டு முறை தேய்த்தார்கள், பேசினார்கள், வெளியே போய் டீ குடித்து வந்தார்கள். அவனோ ஐம்பது ஃபாரத்துக்கு ஒரு முறை கட்டைவிரலைக் கட்டின் ஓரத்தில் ஓடவிட்டு, தலைகீழாக நுழைந்த ஒன்றை, பார்க்காமலேயே, உருவி எடுத்து வெளியே வைத்தான். மந்தமாக, மரத்துப்போய்ச் செய்கிற காரியம் என்று அதை எவரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தாளும் அவனுக்குப் புதுத் தாளாகவே வந்துகொண்டிருந்தது. ஒன்றுபோல் இருப்பவற்றிடையே உள்ள வேற்றுமை நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவன் விரலுக்குத் தெரிந்தது.

சில மாதங்களில் அவன் வேலையை விட்டு நின்றான். மடிக்கும் வேலை குறைந்தபோது மேஸ்திரி அவனை உறை ஒட்டும் மேஜைக்கு மாற்றினாராம். பசை விரலில் ஒட்டியதும் அவன் கையை வேட்டியில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான், தோல் சிவக்கும்வரை துடைத்தான். தலைக்கு மேலே ஓடிய மின்விசிறி வேறு ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் உட்கார்ந்துவிட்டான். நான் கேட்டபோது மேஸ்திரி, கெட்ட மனிதரல்லர், உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்: "திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்யுறதுதானே சார் அவனுக்குப் பிடிக்கும்? மடிச்சா என்ன, ஒட்டினா என்ன?"

இந்தக் கேள்வியில்தான் விவகாரம் முழுதும் அடங்கியிருக்கிறது. மடிப்பதில் அவனை ஈர்த்தது திரும்பத் திரும்ப வருதல் என்னும் பொதுக் குணமல்ல. தாளின் ஸ்பரிசமும், தகட்டின் ஓசையும், ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நிச்சயமும். அவை நீங்கிய இடத்தில் அவனும் நம்மைப்போலத்தான், நம்மைவிட அதிகமாகவே, அவஸ்தைப்பட்டான். நாமெல்லாம் மனம் ஒவ்வாத வேலையை வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே வேறொன்றை நினைத்துக்கொண்டு கடத்திவிடக் கற்றவர்கள். கவனத்தை இரண்டாகக் கிழிக்கத் தெரியாதவனுக்கு அந்த வித்தை கைவராது. ஆதலால், ஆட்டிசம் உடைய இளைஞர்கள் எல்லோரையும் மெழுகுவத்தி வார்க்கவும் காகிதக் கவர் ஒட்டவும் உட்கார வைத்துவிட்டு, 'அவர்களுக்கு இதுதான் ஒத்துவரும்' என்று தீர்ப்புக் கூறும் தர்மகாரியங்களைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. அங்கே ஆனந்தமாக வேலை செய்கிறவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் யார் ஆனந்தமாக இருக்கிறார், யார் வாய் திறந்து மறுக்க வழியின்றி இருக்கிறார் என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆளில்லை என்பதே என் புகார்.

டென்மார்க்கில் தோர்கில் சொன்னே என்பவர், தம் மகனுக்கு ஆட்டிசம் என்று அறிந்தபின், 2004-இல், 'ஸ்பெஷலிஸ்டெர்னே' என்ற கம்பெனியைத் தொடங்கி, மென்பொருள்களில் பிழை பார்க்கும் வேலையை இப்படிப்பட்டவர்களிடம் கொடுத்தார். நிபுணர்கள் என்பது அப்பெயரின் அர்த்தம். அந்தப் பெயருக்காகவே அவரைப் பாராட்டலாம். ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் 2013-இல் அவரோடு கைகோத்து உலகெங்கும் ஆட்களை எடுக்க முனைந்தபோது, முன்னோட்டம் நடந்த இடங்களில் பெங்களூரும் ஒன்று. நல்ல காரியமே. ஆயினும், ஆட்டிசம் என்றால் கணிப்பொறி என்று ஒரு புதிய வாய்ப்பாடு இதிலிருந்து பிறந்து, எண்களில் நாட்டமே இல்லாத பிள்ளைகளின் பெற்றோர் ஏங்கி நிற்பதும் கண்கூடு. கவர் ஒட்டும் மேஜை போய்க் கணிப்பொறி மேஜை வந்திருக்கிறது. ஆளைப் பார்க்காமல் மேஜையைத் தீர்மானிக்கும் பழக்கம் போகவில்லை.

கானர் அந்தப் பதினொரு பேரையும் மறக்கவில்லை. 1971-இல், அவர்கள் என்னவானார்கள் என்று தேடி எழுதினார். அரசாங்க மனநல ஆஸ்பத்திரிகளுக்குள் போனவர்கள் இருந்த திறமையையும் இழந்து, செய்ய ஒன்றுமின்றிக் காலம் கழித்தார்கள்; அந்தப் பக்கங்களைப் படிப்பது கஷ்டமாக இருக்கிறது. மற்றொருவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நகலெடுக்கும் யந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தார். நம்பகத்திலும் செய்நேர்த்தியிலும் சக ஊழியர்களிடம் காட்டும் பரிவிலும் அவர் சிறந்தவர் என்று மேலதிகாரி எழுதியிருந்தார். டொனால்டோ பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற்று, 1958-இல், ஃபாரஸ்ட் என்னும் தன் சிற்றூரின் வங்கியில் சேர்ந்திருந்தார். வங்கியை ஸ்தாபித்தவர் தாய்வழிப் பாட்டனார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த அனுகூலம் ஊரில் எத்தனை பேருக்கு உண்டு? ஆனால் பாட்டனார் நாற்காலிதான் கொடுக்க முடியும். அதில் உட்கார்ந்தவரை அவருடைய போக்கில் விட்டது அந்த ஊர். சக ஊழியர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் ஆளுக்கொரு எண்ணைச் சூட்டி, அதை எத்தனை வருஷமானாலும் மறவாதிருந்தார். எண் கிடைத்தவர்கள் அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டார்கள். தினமும் கோல்ஃப் ஆடினார். மாறாமையை விரும்புகிறவர்கள் வீட்டைவிட்டு நகரமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் கேட்க வேண்டியது ஒன்று: இருபதுக்கு மேற்பட்ட அந்நிய நாடுகளைத் தனியாகவே போய்ப் பார்த்தார், ஆனால் எந்தப் பயணமும் ஆறு நாளைத் தாண்டியதில்லை. 2023 ஜூன் மாதத்தில், 89-ஆம் வயதில், காலமானார். வங்கியோடு அவருக்கிருந்த தொடர்பு 65 ஆண்டு.

நம் தேசத்தில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணிகளில் நான்கு சதவிகிதத்தை ஒதுக்கி, அதில் ஒரு சதவிகிதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்துப் பொதுவில் வைத்திருக்கிறது. எந்தெந்தப் பதவி இவர்களுக்கு உகந்தது என்று நிபுணர் குழுவைக் கொண்டு பட்டியலிட வேண்டும் என்றும், அந்தப் பட்டியலை மூன்றாண்டுக்கு மிகாத இடைவெளியில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் விதிக்கிறது. பதவியின் பெயரை ஒரு பத்தியிலும் குறைபாட்டின் பெயரை மறு பத்தியிலும் எழுதிப் பொருத்தினால் பட்டியல் ஒரே நாளில் முடிந்துவிடும். அவ்வாறு முடிக்கும் முன், அக்குழுவின் கனவான்களை நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றே: ஆட்டிசம் உடைய ஒருவர் வேலை செய்யும் இடத்துக்குப் போங்கள், கோப்புகளை வெளியே வைத்துவிட்டு, ஒரு முற்பகல் முழுதும் அவருக்கு எதிரே சும்மா உட்கார்ந்து அவர் கைகளைப் பாருங்கள், புறப்படுகையில், தலைக்கு மேலே ஓடும் மின்விசிறி தட்டுகிறதா என்றும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.